நீதிபதி இல்லாத மரணலோகம்: கார்த் நிக்ஸின் ‘சப்ரியேல்’ நாவலில் பிரேத வித்தையும் நியதியும்

இறந்தோர் உலகத்தைப் பற்றிப் பேசும் பழைய இலக்கியங்களில் பெரும்பாலானவற்றில் அவ்வுலகுக்கு ஓர் அதிபதியும், வந்து சேரும் உயிர்களைத் தரம் பிரிக்கும் ஒரு நியாய சபையும் இருக்கக் காண்கிறோம். வெர்ஜிலின் ‘ஈனீட்’ காவியத்து ஆறாம் சருக்கத்தில் மைனாஸ் அமர்ந்து விசாரணை செய்கிறான். தாந்தேயின் நரகத்திலும் அதே மைனாஸ்தான் வாயிலில் இருந்து ஒவ்வொரு பாவிக்கும் உரிய படியை நிர்ணயிக்கிறான். கடோபநிஷத்தில் நசிகேதன் என்னும் சிறுவன் மூன்று இரவுகள் உணவின்றிக் காத்திருந்து சந்திப்பது தர்மராஜனாகிய யமனையே. ஆஸ்திரேலிய எழுத்தாளர் கார்த் நிக்ஸ் 1995-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சப்ரியேல்’ என்னும் நாவலில் இந்த ஆசனம் காலியாக இருக்கிறது. அங்கே மரணம் என்பது ஓர் ஆறு. அதற்கு வேகம் உண்டு, குளிர் உண்டு, திசை உண்டு. ஆனால் நியாயம் இல்லை. இந்த ஒரு வெறுமையிலிருந்தே அந்நாவலின் தர்ம விசாரம் முழுவதும் பிறக்கிறது என்பதும், நீதிபதியற்ற லோகத்தில் நியதியைச் சுமக்கும் பாரம் உயிரோடிருக்கும் ஓர் இளம்பெண்ணின் தோளில் விழுவதே அக்கதையின் உண்மையான பொருள் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

கதைக்களத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தெற்கே ஆன்செல்ஸ்டியர் என்னும் நாடு: மின்விளக்கும் மோட்டார் வண்டியும் உள்ள, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க கால இங்கிலாந்தை ஒத்த தேசம். வடக்கே ஒரு நெடுமதில். மதிலுக்கு அப்பால் மந்திரம் ஆளும் பழைய இராச்சியம். தெற்கு நாட்டில் உள்ள வைவர்லி என்னும் பெண்கள் விடுதிப் பள்ளியில் படிப்பை முடிக்கும் நிலையில் இருக்கும் 18 வயது மாணவி சப்ரியேல். அவளுடைய தந்தை மதிலுக்கு அப்பால் ‘அப்ஹார்சன்’ என்னும் பதவியை வகிப்பவர். ஓர் இரவு, இறந்தோர் உலகைச் சேர்ந்த ஓர் உருவம் விடுதிக்குள் தோன்றி, தந்தையின் வாளையும் மணிகளையும் அவளிடம் ஒப்படைக்கிறது. தந்தை மரணத்தில் சிக்கியிருக்கிறார் என்பதை அவள் உணர்ந்துகொள்ள வேறு செய்தி வேண்டியிருக்கவில்லை.

பிரேத வித்தை மேலை இலக்கியத்துக்குப் புதியதன்று. ஏன்தோரில் வாழ்ந்த ஸ்திரீ ஒருத்தியைக் கொண்டு சவுல் மன்னன் சாமுவேலின் ஆவியை எழுப்பிய செய்தி விவிலியத்தின் சாமுவேல் முதல் நூலில் உள்ளது. ஹோமரின் காவியத்தில் ஒடிசியஸ் குழி தோண்டி இரத்தம் வார்த்து ஆவிகளை வரவழைத்துத் தைரீசியஸிடம் தன் வழியைக் கேட்கிறான். ரோமக் கவி லூக்கன் இன்னும் பயங்கரமான ஒரு காட்சியைப் படைத்தான்: தெஸ்ஸலி நாட்டுச் சூனியக்காரி எரிக்தோ, போர்க்களத்துப் பிணங்களிடையே தேடி ஒரு போர்வீரனின் உடலைத் தேர்ந்து, அதில் உயிரை வலிந்து புகுத்தி, செக்ஸ்துஸ் பாம்பேயுக்கு எதிர்காலத்தைச் சொல்ல வைக்கிறாள். இம்மூன்று இடங்களிலும் வித்தையின் நோக்கம் ஒன்றே: உயிரோடிருப்பவன் இறந்தவனிடமிருந்து ஓர் அறிவைப் பெற விரும்புகிறான். நிக்ஸின் நாவலில் அப்ஹார்சன் கையாளும் வித்தையோ இதற்கு நேர் எதிரானது. பிரேத வித்தைக்காரனுக்குரிய கருவிகள், நூல், துணிவு ஆகிய அனைத்தும் அவரிடம் உண்டு. ஆயினும் எழுந்துவிட்ட பிரேதங்களைத் திரும்பப் படுக்க வைப்பதே அவருடைய கடமை. திருடனின் சாமர்த்தியம் முழுவதையும் கற்ற காவற்காரரைப் போல அவர் அவ்வெல்லையில் நிற்கிறார்.

இனி அந்த ஆற்றைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். சப்ரியேல் மரணத்துக்குள் புகும்போது அவளுடைய சரீரம் வாழ்வின் பக்கத்திலேயே, நின்றது நின்றபடி, உறைபனி படர்ந்து நிற்கிறது; உயிர் மட்டும் முழங்கால் அளவு நீரில், சாம்பல் நிற ஒளியில், கால்களை இழுக்கும் நீரோட்டத்துக்கு எதிராக ஊன்றி நிற்கிறது. சற்றுத் தொலைவில் முதல் வாயிலின் அருவி இரைவது கேட்கிறது. இவ்வாறு ஒன்பது மண்டலங்கள், ஒன்பது வாயில்கள். ஒன்றைக் கடந்தால் மற்றொன்று, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு படுகுழிகள். ஒன்பதாம் வாயிலில் நட்சத்திரங்கள் நிறைந்த ஒரு வானம் விரிகிறது. அதைக் கண்ட உயிர் மீள்வதில்லை. இவ்வளவு நெடிய வழியில் எங்கும் விசாரணை இல்லை. புண்ணியக் கணக்கும் பாவக் கணக்கும் இல்லை. நல்லவனைத் தாங்கும் கரை ஒன்று தனியே இல்லை. குழந்தையும் கொடியவனும் ஒரே நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்படுகிறார்கள். வேறுபாடு ஒன்றே: போக மறுத்து எதிர்த்து நிற்கும் வலிமை சிலருக்கு இருக்கிறது, பலருக்கு இல்லை. அந்த வலிமை தர்மத்தால் வருவதன்று. பெரும்பாலும் பேராசையால் வருவது. வாழ்வின் பக்கம் திரும்பி வந்த பிரேதம் உயிருள்ளோரின் உயிரை உண்டே நிலைக்க முடியும் என்று ஆசிரியர் விதித்திருப்பது இதன் தர்க்கபூர்வமான முடிவு.

இதில் நெஞ்சை உறுத்தும் ஓர் அம்சத்தைக் குறிப்பிடாமல் விட முடியாது. நல்லவனாக வாழ்ந்து மறைந்த ஒருவனின் ஆவியையும் ஒரு மந்திரவாதி பிடித்திழுத்து அழுகும் உடலில் திணித்து அடிமையாக்கலாம்; அவனுடைய நற்குணம் அவனுக்குக் கவசமாவதில்லை. பழைய நரகங்களில் துன்புறுபவனுக்கு ஒரு காரணமாவது சொல்லப்பட்டது. இங்கே காரணமே இல்லை. ஆகவேதான் மதிலுக்கு வடக்கே இறந்தவரின் உடலை மந்திரத் தீயில் எரிப்பது வெறும் சடங்கு என்ற நிலையைக் கடந்து, இறந்தவருக்கு உயிரோடிருப்பவர் ஆற்றக்கூடிய இறுதிப் பாதுகாப்பாக ஆகிவிடுகிறது.

நியாய சபை இல்லாத இடத்தில் நியதியின் கருவிகளாக ஆசிரியர் படைத்தவை ஏழு மணிகள். ரான்னா உறங்க வைப்பது, மோஸ்ரேல் எழுப்புவது, கிபெத் நடக்க வைப்பது, டைரிம் பேச்சைத் தருவது, பெல்கேர் நினைவையும் சிந்தனையையும் மீட்பது, சாரனெத் கட்டுப்படுத்துவது, அஸ்தரேல் துயரத்தின் மணி, தன் ஓசையைக் கேட்ட அனைவரையும், அடித்தவரையும் சேர்த்தே, மரணத்தின் ஆழத்துக்கு அனுப்புவது. தோளிலிருந்து மார்புக்குக் குறுக்கே செல்லும் தோற்பட்டையில், தனித்தனி உறைகளில், நாக்கு அசையாதபடி இவை அடங்கிக் கிடக்கின்றன. ஒன்றை வெளியே எடுக்கும்போது நாக்கைக் கையால் பற்றிக்கொண்டே எடுக்க வேண்டும், தவறி ஒலித்துவிட்டால் அடிப்பவருக்கே ஆபத்து. மோஸ்ரேல் பிரேதத்தை வாழ்வை நோக்கி எழுப்பும் அளவுக்கு அடிப்பவரை மரணத்தினுள் தள்ளுகிறது. கிபெத் அடிப்பவரின் கால்களையே அவர் விரும்பாத இடத்துக்கு நடத்திச் சென்றுவிடக் கூடியது. பழைய கதைகளின் மந்திரக்கோல் தன் எஜமானுக்கு முற்றிலும் அடங்கிய பொருளாக இருக்க, இம்மணிகள் ஒவ்வொரு பிரயோகத்திலும் பிரயோகிப்பவரிடமிருந்தே ஒரு விலையைக் கேட்கின்றன. தண்டனை அளிக்க மேலே ஒருவரும் இல்லாத உலகில், அதிகாரத்தின் துஷ்பிரயோகத்துக்குத் தண்டனை அந்தக் கருவிக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. நாவலின் மிக நுட்பமான கற்பனை இதுவே என்பது என் கருத்து.

இளம்பெண் ஏன்? அனுபவம் முதிர்ந்த ஒருவரிடம் இப்பொறுப்பை ஆசிரியர் ஒப்படைத்திருக்கலாகாதா? ஈனியஸ் கீழுலகில் தன் தந்தை ஆங்கைசிஸைக் கண்டு தன் குலத்தின் எதிர்காலத்தை அறிந்து, திடம்பெற்ற தலைவனாக மீள்கிறான். அவனுக்கு வழிகாட்ட சிபில் உண்டு. சப்ரியேல் தந்தையைத் தேடிச் செல்லும்போது அவளுக்கு வழிகாட்டியாகக் கிடைப்பது மாகெட் என்னும் வெள்ளைப் பூனை. அதுவோ கட்டுண்டிருக்கும் ஓர் ஆபத்தான சக்தி, கட்டு அவிழ்ந்தால் அவளையே கொல்லத் துணிவது. தான் பிறந்த நாட்டின் நிலவரமும், தந்தையின் வீட்டுக்குச் செல்லும் வழியும் அவளுக்குச் செவ்வையாகத் தெரியா. கற்றறிந்த விதிகளைக் கற்பித்தவர் இல்லாத நேரத்தில் தானே பிரயோகிக்க நேர்வது இளமையின் நிலை. அந்நிலையை இவ்வளவு கடுமையாக வேறு எந்தக் களத்திலும் காட்டியிருக்க முடியாது.

இந்த மரணலோகத்தின் தோற்றத்துக்குப் பின்னே ஒரு சரித்திர நினைவும் இருப்பதாக நான் கருதுகிறேன். மதிலுக்குத் தெற்கே ஆன்செல்ஸ்டியர் அரசு அமைத்துள்ள பாதுகாப்பு வளையத்தில் பதுங்கு குழிகளும் முள்வேலிகளும் வரிசை வரிசையாக உள்ளன. படிப்பவரின் மனத்தில் 1914 முதல் 1918 வரை ஐரோப்பாவில் நடந்த யுத்தத்தின் களங்களே எழுகின்றன. வடக்கிலிருந்து காற்று வீசினால் அங்கே இயந்திரங்கள் நின்றுபோகின்றன. துப்பாக்கியை நம்ப முடியாத சிப்பாய்கள் வாளும் கவசமும் தரிக்கிறார்கள். அங்கே மடிந்த வீரர்கள் மடிந்தபடி கிடப்பதில்லை. ஆகவே அப்ஹார்சன் அவ்விடத்தில் காற்றுக் குழல்களை நாட்டியிருக்கிறார். காற்று அவற்றினூடே செல்லும்போது இறந்தோர் எல்லையைக் கடக்க இயலாமற்போகிறது. ஆனால் அமைத்தவரின் மரணத்துக்குப் பின் அவற்றின் சக்தி நிலைக்காது. படைத்தலைவர் கர்னல் ஹோரைஸ் இந்தச் செய்தியை எடுத்துரைக்கும் இடத்தில்தான், தந்தையின் கதி ஒரு குடும்பத் துயரம் மாத்திரமல்ல என்பது சப்ரியேலுக்குப் புலனாகிறது. எரிக்தோ போர்க்களத்துப் பிணத்தைப் பயன்படுத்தினாள். அப்ஹார்சன் போர்க்களத்துப் பிணங்களின் நித்திரையைக் காவல் செய்கிறார். லூக்கனுக்கும் நிக்ஸுக்கும் இடையே உள்ள பத்தொன்பது நூற்றாண்டுத் தூரம் இந்த ஒரு மாற்றத்தில் அடங்கியிருக்கிறது.

என் துணிபுக்கு எதிராக ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. அதை மறைத்துச் செல்வது முறையன்று. நாவலின் தொடக்கத்திலேயே நியதி மீறப்படுகிறது. பிரசவத்தில் தாய் மரிக்க, குழந்தையும் உயிரற்றுப் பிறக்க, அப்ஹார்சன் ஆற்றில் இறங்கி, முதல் வாயிலுக்கு இப்புறத்தில் கெரிகோர் என்னும் பெரும்பகைவனின் பிடியில் இருந்த அந்தச் சிசுவை மீட்டு வருகிறார், அச்சிசுவே சப்ரியேல். வளர்ந்த பின் அவளும் பள்ளி வாயிலில் வண்டி ஏறி இறந்த ஒரு முயலைச் சிறுமி ஒருத்தியின் கண்ணீருக்கு இரங்கி மீட்கிறாள். இறந்தவரைத் திருப்பியனுப்புவதே தர்மம் என்றால் இவ்விரண்டையும் எவ்வாறு சமாதானப்படுத்துவது? எல்லையை இன்னும் கடவாத உயிர் வேறு, கடந்த உயிர் வேறு என்று சாஸ்திர ரீதியாக ஒரு விடை கூறலாம். அது எனக்குத் திருப்தி தரவில்லை. அன்பு நியதியை மீறும் என்பதை ஆசிரியர் அறிந்தே அங்கீகரித்திருக்கிறார் என்றும், அந்த மீறலின் கடனையே மகள் பின்னர் தீர்க்க நேர்கிறது என்றும் கொள்வதே பொருத்தம்.

கடன் தீரும் இடம் பெலிசேர் நகரத்து அரண்மனைக்குக் கீழுள்ள நீர்த்தேக்கம். தந்தையின் உடல் அங்கே காவல் மந்திரத்துக்குள் இருக்கிறது. சப்ரியேல் மரணத்துக்குள் சென்று அவருடைய உயிரையும் கண்டுவிடுகிறாள். சாதாரணமான சாகசக் கதையாயின் இத்துடன் வெற்றி கிட்டியிருக்கும். இங்கோ, தம் காலம் முடிந்துவிட்டது என்பதைத் தந்தை மகளுக்குத் தெரிவிக்கிறார்; மிகச் சில கணங்களுக்கே அவர் வாழ்வில் நிற்க முடியும். அக்கணங்களை அவர் மகளோடு அளவளாவுவதில் செலவிடவில்லை. வந்து சேரும் கெரிகோரைத் தடுக்க அஸ்தரேலைக் கையில் எடுக்கிறார். மகளையும் அவள் துணைவன் டச்ஸ்டோனையும் ஓசை எட்டாத தூரத்துக்கு ஓடச் செய்து, அம்மணியை அடித்துத் தாமே மரணத்துள் செல்கிறார். சிசுவை ஆற்றிலிருந்து எடுத்த அதே மனிதர், தம்மை எடுக்க வந்த மகளுக்கு எடுக்கலாகாது என்பதைத் தம் செய்கையால் போதிக்கிறார். தேடிச் சென்ற பொருள் கையில் கிடைத்தும் அதை விட்டுவிட வேண்டியிருப்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன இளையோர் நாவல்கள் அரியவை.

முடிவில் சப்ரியேலும் வாளால் குத்துண்டு இறக்கிறாள். ஆற்றில் மிதந்து செல்லும் அவளை முன்னாள் அப்ஹார்சன்கள் வழிமறித்துத் திருப்பியனுப்புகிறார்கள். இது கருணையால் அளித்த வரம் என்று வாசிப்போர் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அவளுக்குப் பின் அப்பதவியை ஏற்க ஒருவர் இல்லாத காரணத்தால் அவள் போக முடியவில்லை. தந்தைக்கு மகள் இருந்தாள், ஆதலால் அவர் போனார். தனிப்பட்ட அன்பைக் காட்டிலும் பதவியின் கடமையே இங்கு மீட்சிக்குக் காரணமாகிறது. நீதிபதி இல்லாத லோகத்தில் தீர்ப்புக்கு ஒப்பான ஒன்றை முதன்முறையாகக் காண்கிறோம். அதை அளிப்பவர்கள் தெய்வங்கள் அல்லர், அதே பாரத்தைச் சுமந்து மடிந்த மனிதர்கள்.

‘சப்ரியேல்’ தொடங்கிவைத்த நாவல் தொடரில் 2014-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கிளாரியேல்’ இதற்கு மறுதலையான சான்றாக நிற்கிறது. அப்ஹார்சன் குலத்தின் இரத்தம் ஓடும் மற்றொரு இளம்பெண், நெறிப்படுத்துவோர் தம் கடமையை மறந்த ஒரு காலத்தில் கட்டற்ற மந்திரத்தின்பால் ஈர்க்கப்பட்டு, பிற்காலத்தில் இறந்தும் இறவாத ஒரு பகையாக மாறுகிறாள். திறமை இருவருக்கும் ஒன்றே. நியதியைக் கையளித்த ஒருவர் இருந்ததும் இல்லாததுமே வேறுபாடு.

இளையோருக்கென எழுதப்பட்டது என்ற ஒரே காரணத்தால் இந்நாவலை ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டதாக ஒதுக்குவது நியாயமாகாது. கீழுலக யாத்திரையை ஒப்பியல் நோக்கில் நம் சர்வகலாசாலைகளில் போதிக்கும் அறிஞர்கள், ஹோமரின் பதினோராம் சருக்கத்தையும் வெர்ஜிலின் ஆறாம் சருக்கத்தையும் லூக்கனின் எரிக்தோவையும் மாணாக்கர் முன் வைக்கும்போது, ‘சப்ரியேல்’ நாவலின் நீர்த்தேக்கக் காட்சியையும் அவற்றோடு சேர்த்துப் பாடமாக வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.