மற்றொன்று விரித்தல்

நாள் முழுதும் தறி மிதித்த நெசவாளரும், வெயிலில் வெந்த உழவரும் இரவில் நடந்து வந்து கூட்டம் கேட்பது சேலம், நாமக்கல் வட்டாரச் சிற்றூர்களில் பழகிய காட்சி. கல்வியைப் பற்றிப் பேச எழுகின்றார் ஒருவர். தலைவரைப் போற்றுகின்றார், தாம் கண்ட ஊர்களை வருணிக்கின்றார், மாற்றாரின் ஏச்சுக்கு மறுப்புரைக்கின்றார். மணி பதினொன்று. "நேரமாகிவிட்டது, வணக்கம்" என்று அமர்கின்றார். கல்வி எங்கே? அது மேடைக்கு வரவே இல்லை!

இக்குறைக்குத் தமிழ் ஏறத்தாழ 800 ஆண்டுகட்கு முன்பே பெயர் சூட்டியது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்துச் சிற்றரசன் சீயகங்கன் வேண்ட, சமண முனிவர் பவணந்தியார் நன்னூலை இயற்றினார். காவிரிக்கு மேற்கே, பெருந்துறையை அடுத்த சீனாபுரமே அவர் ஊர் என்பாரும் உளர். நூலுக்கு ஆகாத குற்றம் பத்து என்று எண்ணிய அவர், அவற்றுள் ஒன்றாக 'மற்றொன்று விரித்தல்' என்பதை வைத்தார். எடுத்த பொருளை விட்டு, இடையில் வேறொன்றைப் பெருக்குவதே அது. தொல்காப்பியமும் பத்துக் குற்றம் கூறுகிறது. ஆயின் இப்பெயர் அப்பட்டியலில் இல்லை.

அங்ஙனமாயின் இடையே வேறெதுவும் வரலாகாதோ? அதே நன்னூல், சொல்லதிகாரத்தில் 'இடைப்பிறவரல்' என்பதை ஒப்புகிறது. "வேட்டியை விடியுமுன் நெய்தான்" என்கிறோம். 'வேட்டியை' என்பதற்கும் 'நெய்தான்' என்பதற்கும் நடுவே 'விடியுமுன்' புகுந்தது, பொருள் முறியவில்லை. ஏற்ற சொல் இடையில் வரலாம். முதற்சொல் தன் வினையைச் சேர்ந்தாக வேண்டும். பேச்சுக்கும் எழுத்துக்கும் இதுவே அளவுகோல்.

விலகிச் செல்வதெல்லாம் மறதியால் நேர்வதன்று. கூலி ஏன் குறைந்தது என்று கேட்டவனுக்கு முற்பிறவி வினையைப் பற்றி விரிவுரை ஆற்றுகின்றனரே, அது மறதியா? கேட்ட கேள்வியைச் சாகடிக்கும் சூழ்ச்சி அன்றோ!

இயக்கங்களும் இக்குற்றத்துக்கு ஆளாவதுண்டு. 1916-இல் தோன்றிய தென்னிந்திய நல உரிமைச் சங்கம், நீதிக்கட்சி என வழங்கியது, பார்ப்பனரல்லாதார்க்குரிய பங்கைக் கேட்டு எழுந்தது. 1920-இல் தேர்தலில் வென்றது. 1921-இல் அதன் ஆட்சி வகுப்புவாரி உரிமை ஆணை பிறப்பித்தது. ஆட்சி அங்கே இடைப்பிறவரல். எடுத்த பொருளோடு சேர்ந்தது. ஆனால், ராவ் பகதூர், திவான் பகதூர், சர் என்ற பட்டங்கள்? அவை மற்றொன்று விரித்தல்! 1937-இல் கட்சி தோற்றது.

1944 ஆகஸ்டு 27-இல் சேலத்தில், பெரியார் தலைமையில் மாநாடு கூடிற்று. 'அண்ணாதுரை தீர்மானம்' வந்தது. அரசு தந்த பட்டங்களைத் துறத்தல் வேண்டும்; கௌரவப் பதவிகளினின்றும் விலகல் வேண்டும். கட்சி, திராவிடர் கழகம் என்று பெயர் மாறிற்று. ஏற்காத சிலர் பழைய பெயரிலேயே தனித்து நின்றனர். இயக்கமோ எடுத்த பொருளுக்குத் திரும்பியது.

தோழர்களே! மேடை ஏறுமுன் சொல்ல வந்ததை ஒரே வரியில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கதை சொல்லுங்கள், நகைக்க வையுங்கள். அவ்வரிக்குத் துணை நிற்காததை மட்டும் விட்டுவிடுங்கள். விடிந்தால் தறிக்கும் வயலுக்கும் போக வேண்டியவர்கள், உறக்கத்தைத் துறந்து நம் எதிரே அமர்ந்திருக்கிறார்கள்.