வலப்பனை வயல்களும் வரிக்கடனும்

வரிக்கடன் தீராவிடின் என்ன நேரும்? தேடிய சொத்தை மக்களுக்குச் சேதமின்றி விட்டுச் செல்வது எவ்வாறு? இவ்விரு வினாக்களையும் சட்டத்தரணியிடமும் கணக்காளரிடமும் கேட்டுத் தெளியவேண்டியவை என்றே பலரும் கருதுவர். ஆயின், இலங்கையின் வரலாற்றை நோக்குமிடத்து, இவற்றுக்குக் கிடைத்த விடை எல்லோர்க்கும் ஒன்றாக இருக்கவில்லை என்பது புலனாகும். முதல் வினா உழுதவனைத் தேடி வந்தது; இரண்டாவது வினாவை ஆறுதலாகச் சிந்திக்கும் வாய்ப்பு உடையவனுக்கே கிட்டியது.

1815இற் கண்டி இராச்சியத்தைக் கைப்பற்றிய பிரித்தானியர், 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கியபின் ஒரு பிரகடனத்தை வெளியிட்டனர். அதன்படி, கண்டிப் பகுதி வயல்களின் விளைவிற் பொதுவாகப் பத்திலொரு பங்கு அரசுக்குரியதாயிற்று. தமக்கு விசுவாசமாக நின்ற சில பகுதிகளுக்கு அதனைப் பதினான்கிலொரு பங்காகக் குறைத்தனர். வரியே வெகுமதியாகவும் தண்டனையாகவும் பயன்பட்டது.

இவ்வரியை அறவிடும் உரிமையைக் குத்தகைக்கு விடுவதே நீண்டகால வழக்கமாக இருந்தது. குத்தகைகாரனுக்கு அறிவியாது விவசாயி தன் வயலிற் கதிரறுக்கவோ சூடு மிதிக்கவோ இயலாது. அவன் வரும்வரை கதிர் காத்திருக்கவேண்டும், மழையோ காத்திருப்பதில்லை. இக்கொடுமையை நீக்குவதாகச் சொல்லியே 1878ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. இதன்படி நெல்வரி பணமாக மதிப்பிடப்பட்டது.

குத்தகைகாரனின் பிடி தளர்ந்தது உண்மையே. ஆனால், விளைவிற் பங்கு கொடுப்பதும் பணமாகக் கொடுப்பதும் ஒன்றல்ல. விளைவு குறைந்தாற் பங்கும் குறையும். ஆண்டுதோறும் இவ்வளவு ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்ட தொகையோ குறைவதில்லை. நெல்லை உண்பதற்கே விளைவித்த மலைநாட்டுச் சிங்கள விவசாயிக்குப் பணம் எங்கிருந்து வரும்? வீட்டுத் தோட்டத்திலே வளர்த்த கோப்பிதான் அவன் கையிற் சிறிது பணத்தைத் தந்துகொண்டிருந்தது. 1869இல் இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் கோப்பிச் செய்கையைப் படிப்படியாக அழித்தது. வரி பணமாக மாறிய காலமும் பணம் வற்றிய காலமும் ஒன்றாயின.

இதன் விளைவை நுவரெலியா மாவட்டத்து வலப்பனையிலே காண்கிறோம். 1880களில் வரி நிலுவைக்காக அங்கு வயல்கள் பெருந்தொகையாக ஏலத்தில் விற்கப்பட்டன. மாவட்டத்தின் உதவி அரசாங்க அதிபராகவிருந்த லெ மெசூரியர், நிலமிழந்தோரின் வறுமையையும் பட்டினியையும் தம் அறிக்கைகளில் எடுத்துரைத்தார். ஆட்சியாளரின் அதிகாரி ஒருவரே எழுதிய குற்றப்பத்திரம் அது எனலாம்.

இங்கு வாரிசுரிமையையும் சேர்த்தே நோக்கவேண்டும். கண்டிய வழக்கப்படி முதுசொமான வயல் பிள்ளைகளுக்குப் பங்காகும். வயல் மிகச் சிறிதாயின், வரப்பிட்டுப் பிரிக்காமல், பங்காளிகள் ஆண்டுக்கொருவராக முறைவைத்துப் பயிரிடுவர். இதனைத் தட்டுமாறு என்பர். சொத்துத் துண்டுபட்டு அழியாமற் காப்பதற்கு ஏழைகள் கண்ட ஏற்பாடு இதுவே. அவர்களிடம் மரணசாதனமும் இல்லை; நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் இல்லை. தலைமுறைகள் பேணிய இவ்வேற்பாட்டை ஓர் ஏலம் ஒரே நாளிற் குலைத்துவிடும்.

ஜோர்ஜ் வோல் முதலியோர் நெல்வரிக்கெதிராக நடத்திய கிளர்ச்சியின் பின், ஹவ்லொக் தேசாதிபதியாகவிருந்த காலத்தில், 1892இல் அவ்வரி ஒழிக்கப்பட்டது. ஆனால், இறக்குமதி அரிசியின் தீர்வை நீடித்தது. அவ்வரிசியை உண்டவர்களுள் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தோட்டத் தொழிலாளர் முக்கியமானவர். வயலிலே தெரிந்த வரி நீங்கியது. சோற்றிலே மறைந்த வரி நின்றது.

இனி, உடையவர்களின் பக்கத்தைப் பார்ப்போம். வலப்பனை வயல்கள் ஏலம்போன நாட்களிலே பெருந்தோட்டச் சொந்தக்காரருக்கு வருமான வரி இருக்கவில்லை. அது 1932இலேயே வந்தது. இறந்தவரின் சொத்துமீதான வரிக்குரிய கட்டளைச் சட்டம் 1919இல் இயற்றப்பட்டது. பொருளியலறிஞர் கால்டோரின் ஆலோசனையையொட்டி, செல்வ வரியும் நன்கொடை வரியும் 1959ஆம் ஆண்டின் சட்டத்தில் இடம்பெற்றன. உயிரோடிருக்கும்போதே நன்கொடை உறுதி எழுதி மரண வரியைத் தவிர்க்கும் வழி நன்கு தெரிந்திருந்தமையாலன்றோ நன்கொடைக்கும் வரி வேண்டியதாயிற்று!

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு ஐம்பது ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. பொதுக் கம்பனிகளின் தோட்டங்கள் 1975 வரை அதற்குட்படவில்லை. மரணச் சொத்து வரியோ 1980களில் ஒழிக்கப்பட்டது. நெல்வரி நீங்க முக்கால் நூற்றாண்டு சென்றது. செல்வர் வாரிசுகள் மீதான வரி அவ்வளவு காலங்கூட நிலைக்கவில்லை.

வரியே தீமை என்பது நமது வாதமன்று. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வரியின்றி நடவா. எவரிடம், எதிலிருந்து, எந்த வேளையில் அறவிடுவது என்பதே கேள்வி. இன்றும் இலங்கையின் வரி வருமானத்திற் பெரும்பகுதி பொருள்கள் மீதும் சேவைகள் மீதும் விதிக்கப்படும் மறைமுக வரிகளே. அவற்றைச் செலுத்தாமல் நிலுவை வைக்க ஏழையால் இயலாது. கடைக்காரனிடம் காசு கொடுக்கும்போதே வரியும் போய்விடுகிறது. தவணை கேட்பதற்கும், மேன்முறையீடு செய்வதற்கும், சொத்தை முன்கூட்டியே மாற்றி எழுதுவதற்கும் வசதியுடையோர் வேறு.

நெல்வரி ஒழிந்த ஆண்டை மாணவர் பரீட்சைக்காக மனனஞ் செய்கின்றனர். அந்த ஆண்டோடு வலப்பனை ஏலங்களையும் வைத்துக் கற்பிக்கும் ஆசிரியர், ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்தையும் வாசிப்பதற்கு வேண்டிய கண்ணை அவர்களுக்கு அளிப்பவராவார்.