துவர், எண்ணெய், தோலிருக்கை: பராமரிப்பு முறை ஒன்றின் சென்னை வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மகிழுந்தின் தோலிருக்கையைத் துடைத்து எண்ணெய்ப்பதம் ஊட்டும் வழக்கம், குதிரைச் சேணத்தையும் சாரட்டு வண்டியையும் பேணியவர்களிடமிருந்து வந்தது. அது தாவரத் துவரால் பதனிட்ட தோலுக்கு உரிய முறை. குரோமியப் பதனீடு பரவியபின் எண்ணெயூட்டல், தோலைப் பேணுவோரின் கையிலிருந்து ஆலையின் உருளைக்குள் இடம்பெயர்ந்தது. பராமரிப்பு முறை மட்டும் பழைய பெயரிலேயே நீடித்தது. இவ்விடப்பெயர்வில் சென்னை மாகாணத் தோல்தொழிலுக்கு உள்ள இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆவாரம்பட்டை, குரோமியப் பதனீடு, எண்ணெயூட்டல், கவலைத் தோல், தோலிருக்கை, பழவேற்காடு

சுண்ணாம்பும் துவரும் எண்ணெயும்

பழவேற்காடு ஏரியைச் சார்ந்த மீனவர் சிற்றூர்களுள் சுண்ணாம்புக்குளம் தன் பெயரிலேயே ஒரு பொருளைத் தாங்கி நிற்கிறது. அவ்வேரியின் படுகையில் படிந்துள்ள கிளிஞ்சல் சுண்ணாம்புக்கு மூலப்பொருளாகும். கிளிஞ்சலைச் சூளையிலிட்டு நீற்றிய சுண்ணாம்பு சுவர்ப்பூச்சுக்கும் வெற்றிலைக்கும் மட்டும் உரியதன்று. தோல் பதனிடுவோரின் தொட்டியும் சுண்ணாம்பின்றி இயங்காது. நைலான் வலை வருவதற்குமுன் தமிழகக் கடற்கரையில் பருத்தி வலைகளைத் துவர்ப்புச் சாற்றில் ஊறவைத்து அழுகாமல் காத்தனர். மரக்கலங்களுக்கு மீனெண்ணெய் பூசி நீர் ஊறாமல் காத்தனர். வலைக்குத் துவர், மரத்துக்கு எண்ணெய் என்னும் இப்பகுப்பு மீனவர்க்குப் பழகிய அறிவு. தோலுக்கோ இவ்விரண்டும் ஒருசேர வேண்டும். அதன் காரணத்தை விளக்கினாலன்றித் தோலிருக்கைப் பராமரிப்பின் வரலாறு விளங்காது.

பச்சைத்தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைக்கும்போது மயிர் கழல்கிறது, மேற்றோல் நீங்குகிறது, நார்களுக்கிடையே நிறைந்திருக்கும் புரதங்கள் கரைகின்றன, விலங்கின் இயற்கைக் கொழுப்பில் ஒரு பகுதியும் போய்விடுகிறது. நார்கள் பிரிந்து திறந்தால்தான் துவர் உட்புகும். ஆனால் அவ்வாறு திறந்த நார்கள் உலரும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தோல் விறைத்துவிடும். எண்ணெய் அந்நார்களுக்கிடையே வழுக்கும் படலமாக நின்று அவை ஒட்டாமல் தடுக்கிறது. எனவே தோலுக்கு எண்ணெயிடுவது மெருகூட்டும் செயலன்று. சுண்ணாம்பு எடுத்துக்கொண்டதை ஈடுசெய்யும் செயல்.

சென்னை மாகாணத்தில் இவ்வீடுசெய்தல் கையால் நடந்தது. ஆவாரம்பட்டைச் சாற்றில் பதனிட்டுக் கடுக்காய்ச் சாற்றில் முடித்த தோலை, ஈரம் முற்றும் வற்றுமுன் விரித்துப் புங்க எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவினர். ஈரம் ஆவியாகி வெளியேற வெளியேற, அது விட்ட இடத்தை எண்ணெய் பிடித்துக்கொள்ளும். முற்றும் உலர்ந்த தோலில் தடவிய எண்ணெய் மேலேயே தங்கிப் பிசுபிசுக்கும். இந்த ஈரப்பதத்தைக் கைத்தொடுகையால் அறிவதே தொழிலின் நுட்பமாக இருந்தது.

ஊர்ப்புறத்தில் இந்நுட்பத்தை அருந்ததியர் முதலிய தோல்வினைச் சமூகத்தார் கொண்டிருந்தனர். கவலை ஏற்றத்தின் தோலைத் தைப்பதும், கிழிந்ததைச் செப்பனிடுவதும், காய்ந்து வெடிக்காமல் எண்ணெயிட்டுக் காப்பதும் அவர்தம் பணி. அறுவடைக் களத்தில் அளக்கப்படும் நெல் அதற்குரிய ஊதியம். தோல் பராமரிப்பு தமிழகத்தில் முதலில் ஊர்க்கடமையாகவும் சாதி சுமத்திய உழைப்பாகவும் இருந்தது என்பதைத் தொழில்நுட்ப வரலாறுகள் பெரும்பாலும் ஓரிரு சொற்களில் கடந்துவிடுகின்றன. ஈரத்தோலுக்கு எண்ணெய் ஏற்கும் பதத்தைக் கண்டறிந்தவர்கள் பெயரின்றியே எஞ்சினர்.

பாதிப் பதனீடும் இலண்டன் எண்ணெயும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையிலிருந்து ஏற்றுமதியான தோல் 'ஈஸ்ட் இந்தியா கிப்' என்னும் வணிகப் பெயர் பெற்றது. ஆவாரையால் பதனிட்டு இலேசாக எண்ணெயிட்ட இத்தோலை இங்கிலாந்தின் தோல்மெருகர்கள் வாங்கி, காட் மீன் எண்ணெயும் விலங்குக் கொழுப்பும் கலந்து மீண்டும் ஊட்டிக் காலணிக்குரிய மேல்தோலாக மாற்றினர். முதல் உலகப்போரின்போது படைவீரர் காலணிகளுக்காக 1916 முதல் இத்தோல் அரசின் கட்டுப்பாட்டில் கொள்முதல் செய்யப்பட்டது. தோல் சென்னையுடையது; அதன் இரண்டாம் எண்ணெயும் அதனால் உயரும் விலையும் இங்கிலாந்துக்கு உரியவை. இந்நிலை விடுதலைக்குப் பின்னும் நெடுநாள் நீடித்தது. 1973இல் பச்சைத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டு, பாதிப் பதனிட்ட தோலுக்கும் அளவு வரையறுக்கப்பட்ட பின்னரே, எண்ணெயூட்டலும் மெருகும் உள்ளிட்ட இறுதிக்கட்டப் பணிகள் இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆலைகளில் பெருமளவில் வேரூன்றின.

ஆவாரைத் தோலின் ஒரு குறைபாடும் இலண்டனில்தான் முறையாக வெளிப்பட்டது. நூற்கட்டுத் தோல்கள் செம்பொடியாக உதிர்வதை ஆராயக் கலைக்கழகம் அமைத்த குழு 1901இல் அறிக்கை அளித்தது. ஆவாரை உள்ளிட்ட ஒருவகைத் துவரால் பதனிட்ட தோல்களே விரைவில் சிதைகின்றன என்று அது கண்டது. நிலக்கரிப்புகை, எரிவாயு விளக்கு ஆகியவற்றிலிருந்து வரும் கந்தக அமிலமே இதற்குத் தூண்டுகோல். சிதைவைத் தடுக்க நூலகங்கள் கம்பளிக்கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த பூச்சுகளைப் பல பதிற்றாண்டுகள் தோலட்டைகளில் தடவிவந்தன. பிற்காலக் காப்பியலாளர் பலர் அவ்வழக்கத்தைக் கைவிட்டனர். பூச்சு அமிலச் சிதைவை நிறுத்தவில்லை, தூசியைப் பிடித்துவைத்தது, சில தோல்களை விறைக்கவும் செய்தது. தோலுக்கு எண்ணெய் எப்போதும் நன்மையே என்னும் நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. இருந்தும் அந்நம்பிக்கை மகிழுந்துக்குள் ஏறி அமர்ந்தது.

1903: ஒரே நகரில் இரு தொடக்கங்கள்

சென்னையின் சிம்சன் நிறுவனம் 1840இல் தொடங்கப்பட்டது. சேணமும் குதிரைவண்டியும் செய்து புகழ்பெற்ற அந்நிறுவனம் 1903இல் நீராவியால் இயங்கும் மகிழுந்து ஒன்றை உருவாக்கியது. உலகின் பிற நகரங்களைப் போலவே இங்கும் மகிழுந்தின் உடற்கூடும் இருக்கையும் குதிரைவண்டி செய்தோர் கையிலிருந்தே வந்தன. வண்டியோடு அதன் பராமரிப்பு முறையும் வந்தது. சேணத்தைச் சேணச் சோப்பால் துடைத்து, மாட்டுக்குளம்பு எண்ணெய் தேய்த்து மெருகேற்றிய குதிரைக்காரரின் வேலை ஓட்டுநரின் வேலையாயிற்று. அன்றைய இருக்கை தாவரத் துவர்த்தோல். ஆகவே அம்முறை பொருத்தமானதே. 1878இல் இலண்டனில் தொடங்கிய கொனோலி நிறுவனம் ரோல்ஸ் ராய்ஸ் முதலிய மகிழுந்துகளுக்குத் தோல் வழங்கியதோடு, 'ஹைடு ஃபுட்', அதாவது 'தோலுணவு', என்னும் பெயரில் பராமரிப்புக் களிம்பையும் விற்றது. தோல் பசிக்கும், அதற்கு ஊட்ட வேண்டும் என்னும் உருவகம் அப்பெயரால் நிலைபெற்றது.

அதே 1903இல், அதே நகரில், ஆல்பிரட் சாட்டர்டன் குரோமியப் பதனீட்டுச் சோதனைகளைத் தொடங்கினார். அவர் நோக்கியது மகிழுந்தை அன்று, கவலைக் கிணற்றை. நாள்தோறும் நீரில் மூழ்கியெழும் ஆவாரைத்தோல் துவரை இழந்து அழுகும். குரோமியத்தோல் அழுகாது, எண்ணெயிடும் வேலையையும் குறைக்கும் என்பது அவர் கணிப்பு. சாட்டர்டன் 1904இல் வெளியிட்ட சென்னை மாகாணத் தோல்தொழில் பற்றிய நூல் இத்துறையின் அடிப்படை ஆவணம். மாகாண அரசே ஆலை நடத்துவதை இந்தியச் செயலர் மார்லி 1910இல் ஏற்க மறுத்ததால், அவ்வாலை ரேவா சமஸ்தானத்திடம் சென்றது. எனினும் தொழில்நுட்பம் தங்கிவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஜார்ஜ் அலெக்சாண்டர் சேம்பர்ஸ் நிறுவிய குரோம் லெதர் கம்பெனி, பல்லாவரத்தை அடுத்த பகுதிக்குக் குரோம்பேட்டை என்னும் பெயரையே தந்தது.

உருளைக்குள் சென்ற எண்ணெய்

குரோமியத்தோலுக்கு எண்ணெயூட்டும் சிக்கல் வேறானது. ஈரமான நிலையில் அது எண்ணெயைத் துவர்த்தோல் போல் ஏற்பதில்லை. ஒருமுறை முற்றும் உலர்ந்துவிட்டால் மீண்டும் எளிதில் நனைவதுமில்லை. 1880களின் இறுதியில் பிலடெல்பியாவின் ராபர்ட் ஃபோர்டரர் முதலானோர் எண்ணெயைச் சோப்புடன் குழம்பாக்கிச் சுழலும் மர உருளையில் தோலோடு சேர்த்துச் சுற்றும் முறையை வளர்த்தெடுத்தனர். குழம்பின் நுண்துளிகள் நாரிடுக்குகளில் புகுந்து, அங்கே உடைந்து, எண்ணெயை விட்டுச்செல்லும். கந்தகச் சேர்மமாக்கிய ஆமணக்கெண்ணெயும் மீனெண்ணெயும் இதற்குச் சிறந்தவை. மரக்கலத்தின் மேல் பூசிய மீனெண்ணெய், உருமாறி ஆலை உருளைக்குள் வந்து சேர்ந்தது. 1948இல் அடையாற்றில் அடிக்கல் நாட்டப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும், அதனை 1958 முதல் இயக்குநராக வழிநடத்திய நாயுடம்மாவின் காலமும் இவ்வறிவைத் தமிழகத்து ஆலைகளுக்குக் கொண்டுசேர்த்தன.

எண்ணெய் ஒரேமுறையில், ஆலையிலேயே ஊட்டப்பட்டுவிட்டது. அதன்மேல் நிறமியும் பாலியூரித்தேனும் கலந்த மேற்பூச்சு படிந்தது. இன்றைய மகிழுந்து இருக்கைத் தோலில் மிகப் பெரும்பகுதி இவ்வகையே. கடைகளில் 'கண்டிஷனர்' என விற்கப்படும் களிம்பு இப்பூச்சைக் கடந்து நாரை அடைவது அரிது. அது செய்வதெல்லாம் பூச்சின் உராய்வைக் குறைப்பதும் பளபளப்பைத் தருவதுமே. ஒளிரும் இருக்கை ஊட்டம்பெற்ற இருக்கை அன்று. மேற்பூச்சற்ற அனிலின் தோல் இதற்கு விலக்கு. அத்தோலில் ஒரு துளி நீர் உறிஞ்சப்பட்டுக் கருக்கும். பூச்சுள்ள தோலில் அத்துளி முத்தாக நிற்கும். களிம்பு எடுக்குமுன் செய்யத்தக்க சோதனை இவ்வளவே.

தூய்மைசெய்தலின் நிலை வேறு. அதன் தேவை குறையவில்லை. வியர்வையின் உப்பும், தலை சாயுமிடத்தில் படியும் எண்ணெயும் மேற்பூச்சை மெல்ல இளக்கும். தூசி அதனை அரைக்கும். ஆனால் பழைய சேணச் சோப்பு காரத்தன்மை உடையது. குரோமியத்தோலோ இயல்பில் சற்றே அமிலத்தன்மை உடையது. காரம் மிகுந்தால் உட்சென்ற எண்ணெயும் நிறமும் பிடிப்பை இழக்கும். ஆகவே நடுநிலையான மென்சோப்பு நுரையை ஈரத்துணியில் எடுத்து, நீர் தேங்காமல் துடைத்து, நிழலில் உலரவிடுவதே ஏற்றது. இந்த எளிய செயலே இருக்கையின் ஆயுளைப் பெரிதும் முடிவுசெய்கிறது. விளம்பரமோ களிம்பைப் பற்றியே மிகுதியும் பேசுகிறது.

சென்னை வெயிலில் நிறுத்திய மூடிய மகிழுந்தினுள் இருக்கையின் மேற்பரப்பு 60 பாகை செல்சியசைக் கடப்பது அரிதன்று. தாவரத் துவர்த்தோல் ஈரநிலையில் ஏறத்தாழ 70 முதல் 85 பாகையில் சுருங்கத் தொடங்கும். குரோமியத்தோல் கொதிநீரையும் தாங்கும். கவலைக் கிணற்றுக்காகத் தேடப்பட்ட தோல் மகிழுந்துக்கு உகந்ததானதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. அவ்வெப்பமே மீனெண்ணெயை வெளியேற்றவும் செய்தது. இலேசான கொழுப்புகள் ஆவியாகிக் கண்ணாடியில் மங்கலாகப் படிவதை அளக்க ஜெர்மனி டின் 75201 என்னும் தரநிலையை வகுத்தது; வாசமும் படிவும் கருதி இருக்கைத்தோலில் செயற்கை எண்ணெய்கள் இடம்பிடித்தன.

தமிழகத்துப் பயனாளரின் குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அம்பாசிடர் காலத்து மகிழுந்துகளில் பெரும்பாலோர் அமர்ந்தது தோலில் அன்று, ரெக்சினில். பூச்சிட்ட துணியாகிய அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கும் பழக்கம் பலரிடம் இருந்தது. அது பிளாஸ்டிக்கின் மேல் நின்ற எண்ணெய். தூசியை அழைத்ததன்றி வேறெதுவும் செய்யவில்லை. இப்போது 'லெதரெட்' எனப்படும் செயற்கைத்தோலுக்கும் அதே சடங்கு தொடர்கிறது.

குரோமியத்தின் விலையை இருக்கையில் அமர்ந்தவர் கொடுக்கவில்லை; பாலாற்றங்கரையில் வாழ்ந்தவர் கொடுத்தனர். வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. கிணற்றுநீரும் வேளாண்நிலமும் கெட்டபின் வந்த தீர்ப்பு அது. கிணற்றிலிருந்து நீர் இறைப்பதற்கென மாகாணத்துக்குள் அழைத்துவரப்பட்ட வேதிப்பொருள், கிணற்றையே பயனற்றதாக்கிய முரண் தோல்தொழில் வரலாற்றில் தனியே நோக்கத்தக்கது.

அண்மைப் பதிற்றாண்டுகளில் ஐரோப்பிய மகிழுந்து நிறுவனங்கள் பல குரோமியம் தவிர்த்த இருக்கைத்தோலை நாடுகின்றன. அல்டிஹைடு வகைப் பொருள்களாலும், ஒலிவ இலை, தாராக் காய் போன்ற தாவரத் துவர்களாலும் அவை பதனிடப்படுகின்றன. ஆவாரம்பட்டையின் உறவுமுறைக்குத் தொழில் ஒருவாறு திரும்புகிறது என்று இதனைக் கொள்ளலாம். ஆயினும் இவ்விருக்கைகளும் பெரும்பாலும் மேற்பூச்சுடனே வருகின்றன. இவற்றுக்கான எண்ணெயும் உருளையிலேயே ஊட்டப்படுகிறது.