தொட்டிச்செடியின் காட்சிக்காலம்: எத்திலீன் தடுப்பான்களின் பயனும் எல்லையும்

முன்னுரை

பூந்தொட்டிச் செடி ஒன்று பசுமைக்குடிலை விட்டுக் கிளம்பும் நாளிலிருந்து, வாங்கியவர் வீட்டில் அதன் பூக்கள் கண்ணுக்கு அழகாக இருக்கும் நாள் வரையுள்ள காலத்தைக் காட்சிக்காலம் என்கிறோம். எத்திலீனுக்கு எளிதில் ஆட்படும் செடிகளில் இக்காலத்தைக் குறுக்கும் முதன்மைக் காரணி அந்த வாயுவே. மொட்டு உதிர்வதும், இதழ் சுருள்வதும், இலை மஞ்சளாவதும் அதன் விளைவுகள். இவற்றைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் 1970களின் இறுதியிலிருந்து மலர்த் தொழிலில் புழங்குகின்றன.

அவற்றுள் வெள்ளிச் சேர்மத்தைக் கையாளும் முறை கொய்மலரில் உருவாகி, பின்னர் தொட்டிச்செடிக்கும் வந்தது. ஆனால் கொய்மலர் வெட்டப்பட்ட உறுப்பு. அதற்கு வேர் கிடையாது, அது புதிய மொட்டு விடுவதும் இல்லை. தொட்டிச்செடியோ வேரூன்றி வளர்ந்துகொண்டே பூப்பது. எனவே கொய்மலருக்கான அளவுகோலால் தொட்டிச்செடிக்குரிய தடுப்பானைத் தேர்வது பிழை. எத்திலீன் உணர்வைப் பூவில் மட்டும், வேண்டிய காலத்துக்கு மட்டும் தடுப்பதே தொட்டிச்செடிக்குப் பொருந்தும் என்பது இக்கட்டுரையின் வாதம். இதற்குச் சான்றாக ஜெரேனியம் செடி எடுத்துக்கொள்ளப்படுகிறது.

வாயுவும் ஏற்பியும்

விளக்கெரிக்கும் வாயுவில் உள்ள எத்திலீன்தான் பட்டாணி நாற்றின் வளர்ச்சியைக் குலைக்கிறது என்று 1901இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் திமித்ரி நெல்யூபோவ் கண்டறிந்தார். அதே வாயு கார்னேஷன் பூக்களை மூடி வாடச் செய்வதைச் சிகாகோவில் க்ராக்கரும் நைட்டும் 1908இல் விளக்கினர். செடியே எத்திலீனை உண்டாக்குகிறது என்பதை 1934இல் ரிச்சர்ட் கேன் பழுத்த ஆப்பிளைக் கொண்டு நிறுவினார். மெத்தியோனினிலிருந்து எத்திலீன் உருவாகும் பாதையில் ஏ.சி.சி. என்னும் இடைப்பொருள் இருப்பதை 1979இல் ஆடம்ஸும் யாங்கும் காட்டினர்.

இந்த வரலாற்றிலிருந்து நடைமுறைக்கு முக்கியமான ஒரு முடிவு கிடைக்கிறது. எத்திலீன் செடிக்குள்ளிருந்தும் வருகிறது, வெளியிலிருந்தும் வருகிறது. ஏ.வி.ஜி. போன்ற உற்பத்தித் தடுப்பான்கள் ஏ.சி.சி. உருவாகும் படியை மட்டுமே மறிக்கின்றன. லாரிப் புகை, ஒரே கிடங்கில் அடுக்கிய பழங்கள், சரியாக எரியாத வெப்பமூட்டி ஆகியவற்றிலிருந்து வரும் எத்திலீனுக்கு எதிராக அவை பயன்தரா. பயணத்திலும் கடையிலும் காலம் கழிக்கும் தொட்டிச்செடிக்கு எத்திலீனின் செயலையே தடுக்கும் பொருள் வேண்டும்.

அப்பொருள் செயல்படும் இடம் ஏற்பி. அரபிடாப்சிஸ் செடியின் இ.டி.ஆர்.1 என்னும் ஏற்பி மரபணு 1993இல் பிரித்தறியப்பட்டது. அந்த ஏற்பி எத்திலீனைப் பிணைக்கச் செம்பு அயனி தேவை என்பது 1999இல் தெளிவானது. எத்திலீன் இல்லாதபோது ஏற்பி முதுமைக்கான எதிர்வினையை அடக்கி வைக்கிறது. எத்திலீன் வந்து பிணைந்ததும் அந்த அடக்குதல் நீங்குகிறது. தடுப்பான் பிணைந்த ஏற்பியோ தொடர்ந்து அடக்கிக்கொண்டே இருக்கிறது.

வெள்ளி அயனிக்கு இந்த ஆற்றல் உண்டென 1976இல் எல்மோ பேயர் வெளியிட்டார். வெள்ளி நைட்ரேட் தண்டு வழியே நன்றாக நகர்வதில்லை. தயோசல்பேட்டுடன் சேர்ந்த வெள்ளி விரைவாகப் பூவை அடைகிறது என்று 1978இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினர். கார்னேஷன் வணிகம் அதனால் மாறியது. அடுத்து வந்தது 1-எம்.சி.பி. என்னும் வாயு. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிஸ்லரும் பிளாங்கென்ஷிப்பும் இதற்கு 1996இல் காப்புரிமை பெற்றனர். எத்திலீனைவிடச் சுமார் பத்து மடங்கு இறுக்கமாக அது ஏற்பியைப் பற்றுகிறது. சைக்ளோடெக்ஸ்ட்ரின் மூலக்கூறுக்குள் அடைத்துப் பொடியாக்கிய இந்த வாயு, நீர் பட்டதும் வெளிப்படும். மூடிய அறையில் செடிகளை வைத்து ஊட்டலாம். அமெரிக்காவில் அலங்காரச் செடிகளுக்கு 1999இல் இதற்கு அனுமதி கிடைத்தது.

ஜெரேனியம் காட்டும் பாடம்

ஜெரேனியத்தின் பூ வாடி விழுவதில்லை. ஐந்து கிளைகளாக விரிந்த சூல்முடியில் மகரந்தம் படிந்ததும் சூலகத்தில் எத்திலீன் பெருகுகிறது. இதழின் அடியிலுள்ள உதிர்தல் அடுக்கில் செல்கள் பிரிகின்றன. நிறமும் விறைப்பும் குறையாத இதழ்கள் தொட்டியைச் சுற்றிக் கொட்டிக் கிடக்கின்றன. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு எத்திலீன் இருந்தாலே ஒன்றிரண்டு மணி நேரத்தில் இது நிகழும். இதழ் இன்னும் முதுமையடையவில்லை என்பதால், உதிர்வைத் தடுத்தால் அந்த அழகு அப்படியே மிஞ்சும். தடுப்பானுக்கு இதைவிடப் பொருத்தமான செடி அரிது.

வெள்ளித் தயோசல்பேட்டைச் செடிமீது ஒருமுறை தெளித்தால் அதன் காப்பு நெடுநாள் நிற்கிறது. கொய்மலர் அளவுகோலின்படி இதுவே வெற்றி. ஆனால் வெள்ளி தெளித்த ஜெரேனியச் செடிகள் பித்தியம் அல்டிமம் என்னும் வேரழுகல் கிருமிக்குக் கூடுதலாக இரையாகி, காலத்துக்கு முன்பே மடிவதை மிச்சிகனில் ஹாஸ்பெக்கும் உடனுழைத்தவர்களும் 1980களின் இறுதியில் வெளியிட்டனர். பூவைக் காப்பாற்றும் பொருளே செடியைப் பலவீனமாக்கக்கூடும் என்பது இதன் பொருள். வேரற்ற கார்னேஷனில் இந்தக் கேள்வி எழவே வாய்ப்பில்லை. வெள்ளி கன உலோகம், நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு என்பதும் இதனுடன் சேர்கிறது.

1-எம்.சி.பி. நிலை நேர்மாறு. கேமரனும் ரீடும் 2001இல் படரும் ஜெரேனியத்தில் செய்த ஆய்வில் அது இதழ் உதிர்வை நன்கு தடுத்தது. ஆனால் அதன் பயன் நிலைக்கவில்லை. 25 டிகிரி செல்சியஸில் சுமார் 2 நாளில் காப்பு பாதியாகக் குறைந்தது. 12 டிகிரியில் அதற்குச் சுமார் 6 நாள் ஆனது. பற்றிய ஏற்பியை இவ்வாயு எளிதில் விடாது என்றாலும், செல்கள் புதிய ஏற்பிகளை உருவாக்கிக்கொண்டே இருக்கின்றன. வெப்பம் கூடினால் அந்த வேகமும் கூடுகிறது என்று கொள்வதே இந்த எண்களுக்குத் தகுந்த விளக்கம்.

இதைக் கொண்டு 1-எம்.சி.பி.யைவிட வெள்ளியே சிறந்தது என்று வாதிடலாம். அந்த வாதம் நாள் கணக்கை மட்டும் பார்க்கிறது. எத்திலீன் அபாயம் மிகுந்த கட்டம் பயணமும் கிடங்குமே; மூடிய வண்டியில் வாயு தேங்குகிறது, காற்றோட்டம் குறைகிறது. ஏற்றுவதற்கு முன் 1-எம்.சி.பி. ஊட்டி, குளிர்ந்த வண்டியில் அனுப்பினால் அந்தக் கட்டம் முழுவதற்கும் காப்பு கிடைக்கும். அதன்பின் காற்றோட்டமுள்ள அறையில் புதிதாக மலரும் பூக்களுக்கு, தேங்கிய வாயுவின் தாக்குதல் பெரிதாக இல்லை. காப்பு விரைவில் தேய்வதைக் குறையாகக் கொள்ளாமல், செடி தன் இயல்புக்குத் திரும்புவதாகவே கொள்ள வேண்டும்.

வேருக்கு வேண்டிய எத்திலீன்

இந்த இயல்பு ஏன் முக்கியம் என்பதை மரபணு ஆய்வுகள் உறுதி செய்கின்றன. அரபிடாப்சிஸின் திரிந்த இ.டி.ஆர்.1 ஏற்பியைப் பெற்ற பெட்டூனியாவில் பூக்கள் நெடுநாள் நின்றன என்பது 1997இல் தெரியவந்தது. ஆனால் அத்தகைய பெட்டூனியாவின் தண்டுத் துண்டுகளில் வேர் குறைவாகவே பிடித்தது என்று 1999இல் அறியப்பட்டது. எத்திலீனை உணராத புகையிலைச் செடிகள், இயல்பான செடிக்குத் தீங்கு செய்யாத மண் கிருமிகளுக்கும் பலியாயின என்று 1998இல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. வெள்ளி தெளித்த ஜெரேனியத்தில் கண்டதும் இதனுடன் ஒத்துப்போகிறது.

தீர்வும் இதே துறையிலிருந்து வந்தது. பூவில் மட்டும் செயல்படும் மரபணு இயக்கியுடன் அந்தத் திரிந்த ஏற்பியை இணைத்து, முதலில் கார்னேஷனிலும் பின்னர் தொட்டிச்செடியான கம்பானுலாவிலும் பூக்கள் நீடிப்பதைக் காட்டியுள்ளனர். இத்தகைய செடிகள் சந்தைக்கு வருவது சட்டத்தையும் மக்கள் ஏற்பையும் பொறுத்தது. ஆயினும் மரபான தேர்வு முறையிலேயே, எத்திலீனைத் தாங்கும் ரகங்களை இனங்காண முடியும்; ஒரே இனத்தின் ரகங்களுக்கிடையே அவ்வளவு வேறுபாடு இருக்கிறது.

எல்லாச் செடிக்கும் எத்திலீன் தடுப்பு வேண்டியதுமில்லை. சாமந்தி, ஜெர்பெரா பூக்கள் முதுமையடைவதில் எத்திலீனுக்குப் பெரிய இடமில்லை. அவற்றுக்கு நீர் ஓட்டமே தலையாயது. அங்கே தடுப்பான் வீண் செலவு.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று பரிந்துரைகள் பெறப்படுகின்றன. முதலாவது, இனத்தையும் ரகத்தையும் சோதித்து, எத்திலீனுக்கு ஆட்படுபவற்றுக்கு மட்டுமே தடுப்பான் தர வேண்டும். இரண்டாவது, பயணத்துக்கு முன் 1-எம்.சி.பி.யும் வழிநெடுகக் குளிர்ச்சியும் சேர்ந்த முறையே தொட்டிச்செடிக்கு முதல் தேர்வாக வேண்டும். வெள்ளியைக் கைவிடுவது நல்லது. மூன்றாவது, காட்சிக்கால ஆய்வுகள் உதிர்ந்த இதழ்களை எண்ணுவதோடு நின்றுவிடக் கூடாது. ஊட்டிய பின் மலர்ந்த பூக்கள் எத்தனை, வேர் எந்நிலையில் இருக்கிறது என்பதையும் வீட்டு அறைச் சூழலில் அளந்து வெளியிட வேண்டும். வேரின் நிலை பதிவாகாத ஓர் ஆய்வு, தொட்டிச்செடியைக் கொய்மலராகவே நடத்துகிறது; அதன் முடிவைக் கொண்டு வளர்ப்பவருக்கு அறிவுரை கூறுவது பொருந்தாது.