குறிப்பேடு இல்லாத ஆய்வு

ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு நானோமீட்டர் எனப்படும். சிறு மூலக்கூறுகள் ஓரிரு நானோமீட்டருக்குள் அடங்குவன. கணிப்பொறியில் சிலிக்கான் டிரான்சிஸ்டர் ஆற்றும் பணியை அத்தகைய ஒற்றை மூலக்கூறு ஆற்றுமா? இவ்வினாவிலிருந்து வளர்ந்த துறையே மூலக்கூறு மின்னணுவியல்.

மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் எளிதாகச் செல்லவிடும் மூலக்கூறு அமையக்கூடும் என்று 1974-இல் அவிராம், ராட்னர் என்னும் இருவர் அமெரிக்காவிலிருந்து எழுதினர். அஃது ஏட்டுக் கணக்காகவே நெடுநாள் இருந்தது. 1981-இல் சூரிச் நகரை அடுத்த ஐ.பி.எம். ஆய்வகத்தில் பின்னிக், ரோரர் ஆகியோர் அணுக்களைத் தனித்தனியே காட்டும் நுண்ணோக்கியைப் படைத்த பின்னரே நம்பிக்கை துளிர்த்தது. 1997-இல் ரீடும் டூரும் தம் குழுவினருடன், இரு பொன் முனைகளுக்கு இடையே பென்சீன் வளையம் கொண்ட மூலக்கூற்றைப் பிணைத்து, அதனூடே பாய்ந்த மின்னோட்டத்தை அளந்து வெளியிட்டனர்.

இந்நிலையில் 2001-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஷோன் என்னும் இளைஞர் மூலக்கூறு டிரான்சிஸ்டரையே செய்துவிட்டதாக அறிவித்தார். அறிவியல் உலகம் வியந்து பாராட்டியது. பிற ஆய்வகங்களோ எத்துணை முயன்றும் அப்பயனைப் பெற இயலவில்லை. 2002-இல் சோன், மெக்யூன் என்னும் அறிஞர்கள் ஒன்றைக் கண்டனர். வெவ்வேறு சோதனைகளுக்கென அவர் தந்த வரைபடங்களில் சிறு சிறு நடுக்கங்கள்கூட அச்சடித்தாற்போல் ஒன்றாயிருந்தன! இயற்கை அவ்வாறு இருமுறை நடுங்குவதில்லை.

பீஸ்லி தலைமையில் அமைந்த குழு விசாரித்தது. முறையான குறிப்பேடு இல்லை. மூலத் தரவுகளும் அழிக்கப்பட்டிருந்தன. 24 குற்றச்சாட்டுகளுள் 16 மெய்ப்பிக்கப்பட்டன. ஷோன் பணியிலிருந்து நீக்கப்பட்டார். அவரை நம்பி அதே வழியில் உழைத்த மாணவர் பலரின் காலம் வீணாயிற்று. அந்த இழப்பை எந்தக் குழுவாலும் ஈடுசெய்ய இயலாது.

எனினும் துறை மடிந்துவிடவில்லை. 2007-இல் ஹீத், ஸ்டோடர்ட் ஆகியோரின் குழு மூலக்கூறுகளைக் கொண்டு 1,60,000 பிட் நினைவகம் ஒன்றை அமைத்தது. சோதித்துப் பார்த்த கூறுகளுள் பெரும்பாலானவை பழுதானவை என்பதையும் அவர்களே எழுதி வைத்தனர்.

பழுதை மறைக்காத அந்த நேர்மையினால், அடுத்து வருவோர் எங்கே திருத்த வேண்டும் என்று அறிந்தனர். அறிவு ஓர் அமானிதம். அதைப் பெற்றவர், பிறர் சோதித்துப் பார்க்கும் வண்ணம் ஒப்படைக்கக் கடமைப்பட்டவர். நம் பிள்ளைகளின் சோதனைக் குறிப்பேட்டில் விடை பிழையாயிருந்தால் வருந்த வேண்டா. அவர்கள் கண்டதைக் கண்டவாறே எழுதியிருக்கின்றனரா என்பதை முதலில் பார்ப்போம்.