துறைமுகமும் துணைவியும்: குடிவரவுச் சான்றிதழ்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

திருமணம் இருவரது உடன்பாட்டாலும் இரு குடும்பங்களின் இசைவாலும் நிறைவுறுவது என்பது தமிழர் வழக்கு. ஆயின், கணவன் ஒரு நாட்டிலும் மனைவி பிறிதொரு நாட்டிலும் வாழ நேரிடும்போது அவ்வுடன்பாட்டில் மூன்றாவது தரப்பு ஒன்று நுழைகின்றது. அதுவே அரசு. அவ்வரசு இரண்டு வினாக்களை எழுப்புகின்றது. வருபவரின் நடத்தை எத்தகையது என்பது ஒன்று. வருபவரின் உடல்நிலை எத்தகையது என்பது மற்றொன்று. முன்னதற்கு விடையாகப் பொலிஸ் நற்சான்றிதழும் பின்னதற்கு விடையாக மருத்துவச் சான்றிதழும் கோரப்படுகின்றன. திருகோணமலைத் துறைமுகப் பகுதியிலிருந்து கனடாவுக்கோ பிரித்தானியாவுக்கோ வாழ்க்கைத்துணையை நாடிச் செல்ல விழையும் எவரும் இன்று இவ்வினாக்களை எதிர்கொண்டே ஆகவேண்டும். இவை வெறும் அலுவலக நடைமுறைகள் போலத் தோன்றினும், இவற்றின் பின்னால் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு.

உடலைச் சோதிக்கும் வழக்கம் துறைமுகங்களிலேயே வேரூன்றியது. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றிய பிரித்தானியர் அதனைத் தம் கடற்படையின் முக்கிய தளமாக்கினர். படையினர் தங்கும் துறைகளில் இருவகை அச்சங்கள் நிலவின. கப்பலேறி வரும் கொள்ளை நோய் பற்றியது ஒன்று. மாலுமிகளைப் பற்றும் பால்வினை நோய் பற்றியது மற்றொன்று. இரண்டாவது அச்சத்தின் விளைவாக 1864இல் இங்கிலாந்தின் துறைமுக, படைநகரங்களில் பெண்களைக் கட்டாயமாகச் சோதிக்கும் சட்டம் பிறந்தது. 1867இல் இலங்கையிலும் அதனையொத்த கட்டளைச்சட்டம் ஆக்கப்பட்டது. மாலுமியைச் சோதிக்காது பெண்ணை மட்டும் சோதித்த அச்சட்டம் பெருங் கண்டனத்திற்குள்ளாகி 1886இல் இங்கிலாந்தில் நீக்கப்பட்டது. முதலாவது அச்சத்தின் விளைவு 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச்சட்டமாகும். கப்பல்களைத் தடுத்து வைக்கவும் பயணிகளைப் பரிசோதிக்கவும் அது அதிகாரம் அளித்தது. கொவிட் பெருந்தொற்றுக் காலத்திலும் இலங்கையில் அச்சட்டமே பயன்பட்டமை ஈண்டு நோக்கற்பாலது.

தோட்டத் தொழிலுக்கெனத் தமிழகத்திலிருந்து வந்தோர் தட்டப்பாறையிலும், பின்னர் மண்டபம் முகாமிலும் தடுத்துவைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி-தலைமன்னார்க் கப்பற்சேவையும் தொடங்கியபின் மண்டபமே இலங்கையின் வாயிலாயிற்று. ஆங்குக் கணவனும் மனைவியும் பிள்ளைகளும் ஒன்றாகவே சோதிக்கப்பட்டு ஒன்றாகவே அனுப்பப்பட்டனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. முதலாளிக்குத் தொழிலாளர் தேவைப்பட்ட காலத்தில் குடும்பம் ஒரு தடையாகக் கருதப்படவில்லை. நோய் உண்டா என்று வினவிய அரசு, நீ உண்மையில் இவனுக்கு மனைவியா என்று பெரிதும் வினவவில்லை.

அவ்வினா எழுந்த களங்களுள் தென்னாபிரிக்கா தலையாயது. 1913 மார்ச் 14ஆம் நாள் கேப் மாகாண உயர்நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் வழங்கிய தீர்ப்பு, கிறித்தவ முறைப்படி நிகழாததும் உரியவாறு பதிவு செய்யப்படாததுமான மணத்தை ஏற்க மறுத்தது. தாலி கட்டிய மனைவியரும் நிக்காஹ் செய்த மனைவியரும் ஒரே நாளில் சட்டத்தின் பார்வையில் மனைவியர் அல்லாதோர் ஆயினர். கணவனிடம் வந்துசேரும் உரிமையும் ஐயத்துக்குள்ளாயிற்று. காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் பெண்கள் திரளாக இறங்கியமைக்கு இத்தீர்ப்பு முக்கிய காரணமாகும். சிறைசென்று நோயுற்று, 1914 பெப்ரவரி 22இல் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மை அப்போராட்டத்தின் பலியாவார். அவ்வாண்டிலேயே நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம், ஒருவனுக்கு ஒரு மனைவி என்ற வரையறையுடன், அம்மணங்களுக்கு ஏற்பு வழங்கியது. கனடாவிலோ 1908ஆம் ஆண்டின் 'இடைநில்லாப் பயண' விதி இந்தியரின் வருகையை அடைத்தது. அங்கு முன்னரே குடியேறியிருந்த ஆடவர், தம் மனைவியரை அழைத்துக்கொள்ளும் வாய்ப்பைப் பெற 1919 வரை காத்திருக்க நேர்ந்தது.

இலங்கையில் இவ்வினா சுதந்திரத்தோடு பிறந்தது எனலாம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் 1948 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் 1இல் நடைமுறைக்கு வர, அதற்கெனத் தனித் திணைக்களமும் தோன்றிற்று. அதுவரை ஊருக்கும் தொழிலிடத்திற்கும் இடையிலான பாதையாக இருந்த பாக்கு நீரிணை அன்று முதல் நாட்டெல்லையாயிற்று. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானியர் வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம், மணமானோர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இலங்கையில் இடையறாது வதிந்தமையை நிறுவுமாறு கோரியது. மணமான ஆடவனாயின், மனைவியும் வயதுவராப் பிள்ளைகளும் இந்நாட்டில் வதிந்தமையையும் காட்டவேண்டியிருந்தது. ஒரு முறையில் 12 மாதத்திற்கு மேற்பட்ட பிரிவு வதிவின் தொடர்ச்சியை முறித்தது. தாய்வீடு சென்று பிள்ளை பெற்று, சற்றுத் தாமதித்துத் திரும்பிய மனைவியால் கணவனின் குடியுரிமையே இல்லாதொழியும் நிலை இங்ஙனம் உருவாயிற்று.

1951 ஆகஸ்ட் 5ஆம் நாளாகிய இறுதித் தவணைக்குள் ஏறத்தாழ 8,25,000 பேர் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. அவர்களுள் சுமார் 1,34,000 பேரே அச்சட்டத்தின்வழி பிரசாவுரிமை பெற்றனர். எஞ்சியோரின் தலைவிதி 1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் எண்களாகப் பங்கிடப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என ஒதுக்கப்பட்டு, மிகுதி 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். மணங்களாலும் உறவுகளாலும் பின்னிக்கிடந்த ஒரு சமூகத்தை இவ்வாறு எண்ணிக்கையாற் பிரிக்கும்போது குடும்பங்கள் சிதறாதிருத்தல் அரிது.

திருகோணமலையும் இவ்வலைக்கு வெளியே இருக்கவில்லை. கடற்படைத் தளத்திலும் சீனக்குடா எண்ணெய்க் குதங்களின் பணியிலும் தமிழகத்தவரும் மலையாளிகளும் உழைத்தனர். 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது உலகப் போரின் களமாக விளங்கிய இத்துறைமுகம், 1957 அக்டோபர் 15இல் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. தேசிய இறைமையின் நோக்கில் அது பெருமைக்குரிய நாளே. ஆயின் தளத்தை நம்பி வாழ்ந்தோர் வேலையிழந்தனர். வேலையோடு வதிவிட அனுமதியும் பிணைந்திருந்த வெளிநாட்டவர்க்கு அவ்விழப்பு இருமடங்காயிற்று. பேரரசு அழைத்து வந்த உழைப்பாளி, பேரரசு நீங்கியதும் தான் யாரென நிறுவவேண்டியவன் ஆனான்.

பெண்ணின் நிலை மேலும் கவலைக்குரியது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமையைத் தந்தைவழியாகவே கடத்தியது. இலங்கைப் பெண் வெளிநாட்டவரை மணந்தால் அவள் பிள்ளை தாயின் உரிமையைப் பெறாத நிலை 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வரை நீடித்தது. பிரித்தானியாவிலும் இதே மனப்பாங்கு வேறொரு வடிவிற் காணப்பட்டது. 1979 ஜனவரியில், மணம் புரிய வந்த இந்தியப் பெண்ணொருவர் ஹீத்ரோ விமான நிலையத்திற் கன்னிமைச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டார். செய்தி வெளியானதும் எழுந்த கண்டனத்தால் அச்சோதனை தடைசெய்யப்பட்டது. இந்தியாவிலிருந்த பிரித்தானியத் தூதரக அலுவலகங்களிலும் அத்தகைய சோதனைகள் நிகழ்ந்தமையைப் பிற்கால ஆவண ஆய்வுகள் வெளிப்படுத்தின. அங்கு நாடப்பட்டது நோயன்று, பொய் நாடப்பட்டது. மருத்துவரின் கருவி புலனாய்வாளரின் கருவியாக மாறிய இடம் இதுவே. 1864இன் துறைமுகச் சட்டத்திற்கும் இதற்கும் உள்ள உறவை வரலாற்று மாணவர் எளிதில் உணர்வர்.

1983ஆம் ஆண்டின் பின் ஈழத் தமிழரின் புலப்பெயர்வு பெருகியது. 1985 மே மாதத்தில் பிரித்தானியா இலங்கையர்க்கு விசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றுக்கு அந்நாடு அவ்வாறு விதித்தது அதுவே முதன்முறை. 1986 ஆகஸ்டில் 155 தமிழர் உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கரையருகே மீட்கப்பட்டனர். முன்னே சென்றோர் நிலைபெற்றதும், பின்னே நின்ற துணைவியரை அழைக்கும் காலம் வந்தது. விண்ணப்பக் கோவைகளின் காலம் அது.

அக்கோவையில் அடங்கவேண்டியவை எவை? மணப்பதிவுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், ஆறு மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்து வாழ்ந்த நாடுகளின் பொலிஸ் சான்றிதழ்கள், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரின் பரிசோதனை அறிக்கை, மார்புக் கதிர்ப்படம் என்பன. இலங்கையிற் பொலிஸ் நற்சான்றிதழ் கொழும்புத் தலைமையகத்தால் வழங்கப்படுகின்றது. விண்ணப்பகாரர் வாழ்ந்த பகுதிப் பொலிஸ் நிலையங்களின் அறிக்கை அதற்கு வேண்டும். கனடாவுக்கான மருத்துவ அறிக்கை பொதுவாக 12 மாதமே செல்லுபடியாகும். கோவை தாமதித்தால் முடிந்த பரிசோதனையை மீண்டும் தொடங்கவேண்டி நேரும்.

நிலையான முகவரியும் அழியாத ஆவணங்களும் உடையோர்க்கு இவை எளியன. பட்டினமும் சூழலும் பிரிவிலும், மூதூரிலும், கிண்ணியாவிலும் வாழ்ந்தோர் பலர்க்கு அவை வாய்க்கவில்லை. 1983, 1985, 1987, 1990 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் மூவின மக்களையும் வெவ்வேறு வேளைகளில் இடம்பெயர்த்தன. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை எஞ்சிய பெட்டகங்களையும் கொண்டு சென்றது. 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபின், யாழ்ப்பாணத்திற்கும் திருகோணமலைக்கும் இடையே கப்பலிற் செல்லவும் படையினரின் அனுமதி வேண்டியிருந்தது. உள்நாட்டிலேயே கணவன் மனைவியைக் காணச் சான்று காட்டிய காலம் அது. இத்தகையோரிடம் வாழ்ந்த முகவரிகளை ஆண்டு, மாத வரிசையில் எழுதுமாறு கோரும் படிவம், அவர்கள் ஓடிய ஓட்டத்தின் வரலாற்றையே எழுதுமாறு கோருகின்றது. எந்த அரசின் காவலர்க்கு அஞ்சி ஒருவன் வெளியேறினானோ, அதே காவலரின் நற்சான்றே அவன் மனைவியின் வழியைத் திறக்கவேண்டியதாகின்றது.

இலங்கையும் பிறர்க்கு இவ்வினாக்களை விடுக்கத் தயங்கவில்லை. இலங்கையரை மணக்கும் வெளிநாட்டவர் பாதுகாப்பு அமைச்சின் தடைநீக்கச் சான்றும் உடல்நலம் பற்றிய கூற்றும் அளித்தல் வேண்டும் என்னும் பதிவாளர் நாயகத்தின் சுற்றறிக்கை 2022 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. நாட்டினுள் நுழைவதற்கு மட்டுமன்றி மணம் செய்வதற்கே அது சான்று கோரியமையாற் பலரும் அதனைக் கண்டித்தனர்.

சான்றிதழ்கள் முற்றிலும் வேண்டாதன என்று கூறுதல் பொருந்தாது. காசநோயைக் கண்டறியும் கதிர்ப்படம் நோயாளிக்கே நன்மை பயப்பது. வன்முறையாளன் ஒருவனின் கடந்தகாலம் மறைக்கப்படலாகாது என்பது மணப்பெண்ணின் பாதுகாப்புக்கும் உகந்ததே. வினா எதனைக் காக்கக் கேட்கப்படுகின்றது என்பதே கருதற்பாலது. 2002இல் நடைமுறைக்கு வந்த கனடாவின் குடிவரவுச் சட்டம், மருத்துவச் செலவு மிகும் என்ற காரணத்தால் வாழ்க்கைத்துணையை மறுக்கலாகாது என விலக்களித்தது. பொதுச் சுகாதாரத்திற்கு ஊறு உண்டா என வினவலாம். நோயுற்ற மனைவி சுமை என மறுத்தலாகாது என்பதே அதன் உட்கிடை. மண்டபம் முகாமிலிருந்து இம்முடிபை எட்ட நெடுங்காலம் சென்றது. காவலரின் சான்று பற்றியும் அத்தகைய தெளிவு பிறத்தல் வேண்டும். ஆவணம் இழந்தவரைப் பொய்யராகக் கொள்ளாது, இழப்பின் வரலாற்றையே ஒரு சான்றாக ஏற்கும் நெறி அதுவாகும். கடலைக் கடந்து இல்லறத்தை நிறுவ முயல்வோர்க்கு அரசுகள் செய்யத்தக்க நீதி அதனினும் குறைந்ததாக இருத்தல் ஆகாது.