ஆயாக் கொட்டகையும் தாயின் மனமும்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்கும் ஆயாக் கொட்டகை நினைவிருக்கும். பொழுது விடியுமுன் பெரட்டுக்கு அழைப்பு வரும். தூங்குகிற பிள்ளையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, மறுகையில் வாளியோடு அம்மா இருட்டில் நடப்பார். கொட்டகையில் ஏணைகள் கட்டியிருக்கும். வேலைக்குப் போக முடியாத வயதை அடைந்த ஒரு பாட்டியம்மா பிள்ளையை வாங்கிக்கொள்வார். அதன் பிறகுதான் தாய் தன் நிரைக்குப் போவார்.

ஏன் இவ்வளவு சீக்கிரம்? குளிர்ந்த வேளையில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே பிள்ளை கண்விழிக்கும் நேரத்தில் தாய் வீட்டில் இருக்க வழியில்லை. அந்தக் கொட்டகை இல்லையென்றால் தாயின் உளியும் இல்லை, சம்பளமும் இல்லை. பெண்கள் வராவிட்டால் தோட்டமும் ஓடியிருக்காது. எனவே அது துரைமார் இரக்கப்பட்டுத் தந்த தானம் என்று நாம் எண்ண வேண்டியதில்லை.

வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அதே ஆண்டில் இந்திய அரசாங்கத்தின் ஏஜண்டும் கோலாலம்பூருக்கு வந்து சேர்ந்தார். தோட்டத்துப் பள்ளியும் பிள்ளைக் காப்பகமும் மெல்ல மெல்ல அரசாங்கம் கேட்டறியும் விஷயங்களாயின. ஆனால் பெண்ணின் உழைப்புக்கு மதிப்பு மட்டும் குறைவாகவே இருந்தது. 1930ஆம் ஆண்டில் ரப்பர் விலை சரிந்தபோது ஆணின் நாள் கூலி 40 காசாகவும், பெண்ணின் கூலி 32 காசாகவும் குறைக்கப்பட்டது. பிள்ளையைச் சுமந்த கைக்கு எட்டுக் காசு குறைவு!

இந்த ஏற்பாடு நோய்க் காலத்தில் என்ன ஆகும்? 1918ஆம் ஆண்டு அக்டோபரில் இன்புளுவென்சா என்னும் விஷக்காய்ச்சல் மலாயாவில் கடுமையாகப் பரவியது. ஆயிரக்கணக்கான உயிர்கள் போயின. தோட்டத் தொழிலாளர்களும் பெருமளவில் மாண்டனர். நெருக்கமான லயங்களில் ஒருவர் படுத்தால் அடுத்தவரும் படுத்தார். எத்தனை பேர் இறந்தார்கள் என்று அரசாங்கம் கணக்கெடுத்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் மறுநாள் எப்படிப் பெரட்டுக்குப் போனார் என்பதை யார் எழுதி வைத்தார்கள்? அந்தத் துயரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

நூறு ஆண்டு கடந்தது. இதற்கிடையில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. நம் குடும்பங்கள் பல பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போயின. பெண்கள் தொழிற்சாலைக்கும் துப்புரவு வேலைக்கும் போனார்கள். ஆயாக் கொட்டகை நம்மோடு பட்டணத்துக்கு வரவில்லை. பக்கத்து வீட்டம்மாவும் பாட்டியும் அந்த இடத்தை நிரப்பினார்கள்.

2020 மார்ச் 18ஆம் நாள் கோவிட் நோய்க்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பள்ளிகளும் குழந்தைக் காப்பகங்களும் மூடப்பட்டன. ஆனால் தோட்டங்களும் அத்தியாவசியத் தொழில்களும் நிபந்தனைகளோடு நடந்தன. அதாவது, தாய்க்கு வேலை உண்டு. பிள்ளையை விட்டுப்போக இடம் இல்லை. பாட்டியிடம் விடலாமென்றால் முதியவர்களுக்குத்தான் அந்த நோயால் ஆபத்து அதிகம். பாட்டி வேறு மாநிலத்தில் இருந்தால் போகவும் அனுமதியில்லை. வேலை முடிந்து வந்தால் சமையல், துணி துவைப்பு, வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசியில் மூன்று பிள்ளைகளுக்குப் பாடம். பள்ளிகள் இடையில் திறந்தும் மூடியும், 2021 அக்டோபரில்தான் படிப்படியாக மீண்டும் திறந்தன.

உதவி வராமலில்லை. பிள்ளைக் காப்பகச் செலவுக்கான வருமான வரிச் சலுகை 2,000 ரிங்கிட்டிலிருந்து 3,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. நல்லதுதான். ஆனால் அந்த ஆண்டில் நகராட்சிகளுக்கு வெளியே குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,100 ரிங்கிட். அதை வாங்கும் தாய் வருமான வரியே கட்டுவதில்லை. கட்டாத வரியில் சலுகை கிடைத்து என்ன பயன்?

இப்படி இரு பக்கமும் இழுபட்ட மனம் என்ன ஆகும்? தூக்கம் போகும். சாப்பாடு பிடிக்காது. காரணமின்றி அழுகை வரும். பிள்ளையை அடித்துவிட்டு இரவெல்லாம் அதை நினைத்து வருந்துவார். இதைப் பார்த்து நாம் என்ன சொன்னோம்? 'கோபக்காரி' என்றோம். 'பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை' என்றோம். உண்மையில் அது குணக்கேடு அல்ல. தாங்க முடியாத பாரத்தால் வந்த நலிவு. காய்ச்சலைப் போல அதற்கும் வைத்தியம் உண்டு. இத்தகைய அறிகுறிகள் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மனம்விட்டுப் பேச ஆள் தேவையென்றால் தாலியான் காசே 15999 என்ற எண் இருக்கிறது.

ஆனால் மருந்து மட்டும் போதாது. பாரத்தையும் குறைக்க வேண்டும். 2023 ஜனவரி முதல் தீபகற்ப மலேசியாவில் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. தகுதியுள்ள தகப்பனுக்கும் 7 நாள் விடுப்பு கிடைத்தது. பிள்ளை வளர்ப்பில் தகப்பனுக்கும் பங்குண்டு என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. வீட்டில் நாம் ஒப்புக்கொண்டோமா? ஒரு வேளை சோறாக்குவதும், பிள்ளையைக் குளிப்பாட்டுவதும், மனைவி ஒரு மணி நேரம் நிம்மதியாகத் தூங்க விடுவதும் ஆண்பிள்ளைக்கு இழுக்கல்ல.

நேயர்களே, அந்தப் பாட்டியம்மா அன்று ஏந்திக்கொண்டது பிள்ளையை மட்டுமல்ல; தாயின் கவலையையும்தான். ஊர் கூடித்தான் தேர் இழுக்க முடியும். இன்னொரு கொள்ளைநோய் வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வந்தால் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்பதை நாமும், முதலாளிமாரும், தொழிற்சங்கமும், அரசாங்கமும் இப்போதே பேசி முடிவு செய்வோம். அதற்கு முன், இன்று மாலை வேலை முடிந்து வரும் தாயிடம் 'சாப்பிட்டாயா?' என்று ஒரு வார்த்தை கேட்போம்.